மெமுவும் ஆண்டிபட்டிக் கணவாயும்: ஒரு திருத்தம்

‘மெமு ரயிலுக்குத் தனி எஞ்சின் கிடையாது, ஆகவே மதுரை–போடி பாதையில் ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தை அதனால் சமாளிக்க முடியாது’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பதில் முதல் பாதி சரி, முடிவு தவறு. மெமு என்பது பெட்டிகளிலேயே மோட்டார் பொருத்திய, குறைந்த தூரம் ஓடும் மின்சார ரயில்.

மேல்கம்பியிலிருந்து வரும் 25,000 வோல்ட் மின்சாரம் மோட்டார் பெட்டியிலுள்ள மின்மாற்றியில் குறைக்கப்பட்டு, அதே பெட்டியின் அச்சுகளோடு இணைந்த மோட்டார்களை இயக்குகிறது. எட்டுப் பெட்டிகள் கொண்ட வழக்கமான மெமுவில் இத்தகைய மோட்டார் பெட்டிகள் இரண்டு இருக்கும். பெட்டிக்கு நான்கு என எட்டு அச்சுகள் உந்துவதால், ஈரத் தண்டவாளத்திலும் பிடிமானம் ஓரிடத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. மொத்தக் குதிரைத்திறனில் டபிள்யூ.ஏ.பி.-7 என்ற மின்சார ரயில் எஞ்சினே பெரியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை இழுப்பதற்கென உருவானது.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று நின்று நின்று போகும் வண்டிக்கு விரைவாக வேகமெடுப்பதே முக்கியம். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், போடியில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையும் மிச்சம்.

மின்கம்பி வந்தாலே மெமு வந்துவிடாது என்பது வேறு விஷயம். பராமரிப்புப் பணிமனையும் வண்டித்தொடரும் வேண்டும். மெமு கோருபவர்கள் கேட்க வேண்டியது அவற்றைப் பற்றித்தான், கணவாயைப் பற்றி அல்ல.