அம்மாவின் போனை மாற்றுவதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் அண்ணாமாரும் அக்காமாரும் வாசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 68 வயது. திருகோணமலை உப்புவெளியில், வீட்டு விறாந்தையில் மெஷினை வைத்துச் சேலைச் சட்டை தைக்கிறார். உவர்மலை, அலஸ்தோட்டம், நிலாவெளி என்று பல இடங்களிலிருந்தும் துணி வரும். அளவுக் கொப்பி என்று அவரிடம் ஒன்றும் கிடையாது. ஆறு வருட அளவுகளும் வட்ஸ்அப்பில்தான் கிடக்கின்றன. "அக்கா, போன தீபாவளிக்குத் தைத்த அளவுதான், கை மட்டும் அரை அங்குலம் கூட்டுங்கள்" என்று குரல்பதிவு வரும். அம்மா விரலால் தள்ளித் தள்ளிப் போய்ப் போன தீபாவளியைக் கண்டுபிடித்துவிடுவார்.

அவருடைய அன்ட்ரொய்ட் போனின் பற்றரி மத்தியானத்துக்கு மேல் தாங்கவில்லை. இதைக் கேள்விப்பட்ட அண்ணா, தான் பாவித்த ஐபோன் எக்ஸை ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பொங்கலுக்கு இரண்டு கிழமை இருந்தது. நகரில் ஒரு கடையில் சிம்மை மாற்றிக் கொடுத்து, "எல்லாம் தானாக வந்துவிடும்" என்றார்கள். தொலைபேசி எண்கள் வந்தன. வட்ஸ்அப்பில் ஓர் அளவுகூட வரவில்லை. அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. பதினொரு சட்டைகள் வெட்டாமல் கிடந்தன.

கடைக்காரர் சொல்லாததை நான் சொல்கிறேன். அன்ட்ரொய்ட் போனில் வட்ஸ்அப்பின் காப்புப் பிரதி கூகுள் கணக்கில் போய்ச் சேர்கிறது. ஐபோன் அதைத் தொடாது, ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுட்டில் இருப்பதை மட்டுமே எடுக்கும். ஆனால் 2022 முதல் ஒரு வழி இருக்கிறது. பழைய போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலியை நிறுவி, அதன் மூலம் உரையாடல்களை அப்படியே அனுப்பலாம். இரண்டு போன்களும் மின்சாரத்தில் செருகியிருக்க வேண்டும், ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், தொலைபேசி எண்ணும் அதேயாக இருக்க வேண்டும். முக்கியமானது, ஐபோன் புதிதாக ஆரம்பிக்கும் நிலையில் இருக்க வேண்டும். கடையில் அதை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். பழைய போனை அம்மா யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததால்தான் தப்பினோம். இரவு ஒரு மணிக்குக் குரல்பதிவுகள், படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன.

அதோடு முடிந்துவிடவில்லை. பழைய போனில் திரையின் இடது கீழ்மூலையில் திரும்பிப் போவதற்கு ஓர் அம்புக்குறி இருந்தது. ஐபோனில் அது இல்லை. அம்மாவின் பெருவிரல் வெறும் கண்ணாடியின் அந்த மூலையில் போய்ப் போய் அழுத்துவதை மூன்று நாட்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி பிடித்துக் காய்த்த விரல் அது. "பிள்ளை, இதற்குள் போனால் எப்படி வெளியே வருவது?" என்று கேட்டார். 2017இல் வந்த அந்த மாடலில் முகப்புப் பொத்தானும் கிடையாது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 16ஆம் பதிப்புக்கு மேல் அது போகாது, அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இல்லை. தமிழில் வாசித்துப் பழகிய அமைப்புப் பக்கங்கள் அம்மாவுக்கு ஒரே நாளில் ஆங்கிலமாகிவிட்டன.

ஐபோனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தமிழ் விசைப்பலகை அதில் அருமையாக இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பிறந்த தமிழ் 99 என்ற விசை அமைப்பு அதிலேயே இருக்கிறது. 'இடுப்பு' என்று எழுத ப-வை இரண்டு முறை தட்டினால் போதும், முதல் ப-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். அதைக் கண்டபோதுதான் அம்மா அந்தப் போனைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

ஆனாலும் அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். ஓர் இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது நமக்கு ஒரு வார இறுதி வேலையாக இருக்கலாம். அம்மாவுக்கு அது தொழில். புதிய பற்றரி போட்டிருந்தாலே போதுமாக இருந்திருக்கும், அம்மா கேட்டதும் அது ஒன்றுதான். அப்படியே புதுப் போன் வேண்டுமென்றாலும் அதே இயங்குதளத்தில் ஒன்றை வாங்கியிருக்கலாம். அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

திருகோணமலையில் யாருக்காவது இதே சிக்கல் வந்தால் பழைய போனில் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வைஃபை இருக்கிறது, இரண்டு சார்ஜர்களும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் நல்லது, அம்மாவும் அன்று மெஷினை மூடி வைத்திருப்பார்.