பால்வீதியின் படத்தில் பட்டையைக் காணோம்

பால்வீதியின் படம் என்று ஒன்று அடிக்கடி பகிரப்படுகிறது. நடுவில் உருண்டையாக மஞ்சள் ஒளி, சுற்றிலும் நாலைந்து சுருள் கரங்கள், ஓரத்தில் ஓர் அம்புக்குறி, "நாம் இங்கே இருக்கிறோம்". அது புகைப்படம் இல்லை, ஓவியம் என்பதில் எனக்குப் புகார் கிடையாது. உள்ளேயே குடியிருக்கிற நம்மால் வெளியே போய்ப் படம் எடுக்க முடியாது, வரைந்துதான் ஆக வேண்டும். ஆனால் பலர் நடுவில் விண்மீன்கள் நீளவாக்கில் திரண்டு நிற்கிற பட்டையை விட்டுவிட்டு வரைகிறார்கள். அதுதான் உறுத்துகிறது. ஒரு கேலக்ஸியில் பட்டை இருந்தால் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான், கரங்களை அப்புறம் ரசித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

பால்வீதி ஒரு பட்டைச் சுருள் கேலக்ஸி. 1964-லேயே வானியலாளர் ஜெரார் டி வோகுலர் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். மையத்தை மறைக்கும் தூசியைத் தாண்டிப் பார்க்க அகச்சிவப்புக் கருவிகள் வேண்டியிருந்தன. 1990-களில்தான் விஷயம் உறுதிப்பட்டது. 2005-இல் ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி எடுத்த கணக்குப்படி பட்டையின் நீளம் சுமார் 27,000 ஒளியாண்டு. சூரியனிலிருந்து மையம் வரைக்குமே ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுதான். இவ்வளவு பெரிய சங்கதி எப்படித்தான் விட்டுப்போகிறதோ!

பட்டை எப்படி இருக்கும் என்று பார்க்க, ஹபிள் தொலைநோக்கி எடுத்த என்ஜிசி 1300 என்ற கேலக்ஸியின் படத்தைத் தேடி எடுங்கள். எரிடானஸ் விண்மீன் குழுவில், சுமார் 6 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. பெரிய அளவில் திறந்து நிதானமாகப் பாருங்கள். கரங்கள் மையத்திலிருந்து கிளம்பவில்லை, பட்டையின் இரு முனைகளிலிருந்து சட்டென்று வளைந்து புறப்படுகின்றன. பட்டை மஞ்சளாக, வயதான விண்மீன்களின் நிறத்தில் இருக்கிறது. கரங்களில்தான் நீலமும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும். அப்புறம் பட்டையின் மேல் இரண்டு மெல்லிய பழுப்புக் கோடுகள் ஓடுவதைக் கவனியுங்கள். பாதிக்கு ஒன்று. அவை நட்டநடுவில் ஓடாமல், பட்டை சுழலும் திசையில் முன்விளிம்பை ஒட்டி ஓடுகின்றன. மையத்தை நெருங்கியதும் உள்ளே வளைந்து, சுமார் 3,300 ஒளியாண்டு அகலத்தில் ஒரு குட்டிச் சுருளாகின்றன. சுருளுக்குள் பட்டை, பட்டைக்குள் இன்னொரு சுருள்.

அந்தப் பழுப்புக் கோடுகள் தூசியும் வாயுவும். கேலக்ஸியின் தட்டையான வட்டில் சுற்றிவரும் வாயு பட்டைக்குள் வந்ததும் ஒன்றோடொன்று மோதி அதிர்ச்சி அலையாக நெரிகிறது. அதில் சுழல்வேகத்தை இழக்கிறது. இழந்ததும் மையத்தை நோக்கிச் சரிகிறது. பட்டை ஒரு வாய்க்கால் மாதிரி வாயுவை உள்ளே இறக்குகிறது என்றே சொல்லலாம். போகிற வழியில் ஓட்டம் வாயுவைப் பிய்த்து எறிவதால் பட்டைக்குள் புது விண்மீன்கள் அதிகம் பிறப்பதில்லை. உள்ளே போய்த் தேங்கும் இடத்தில் பிறக்கின்றன. என்ஜிசி 1097 என்ற இன்னொரு கேலக்ஸியின் மையத்தைச் சுற்றிப் பளிச்சென்று எரியும் வளையம் இப்படி உருவானதுதான். "பட்டைதான் மையக் கருந்துளைக்குத் தீனி போடுகிறது" என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது அவசரம். வாயு பெரும்பாலும் அந்த வளையத்திலேயே நின்றுவிடுகிறது. அங்கிருந்து கருந்துளைவரை போவது தனிக் கதை, அதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

சரி, பட்டை என்பது கெட்டியான கம்பியா? இல்லை. உள்பக்க விண்மீன்கள் ஒரு சுற்றைச் சீக்கிரம் முடிக்கும், வெளிப்பக்கத்தவை தாமதமாக முடிக்கும். கம்பி என்றால் எப்போதோ பிய்ந்திருக்கும். பல நூறு கோடி விண்மீன்கள் ஒரே பக்கம் நீண்ட பாதைகளில் போய்வருவதால் எழும் வடிவம்தான் பட்டை. அந்த வடிவம் மொத்தமாகச் சுழல்கிறது. நம் பால்வீதியின் பட்டை ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 16 கோடி ஆண்டு எடுக்கிறது என்பது அண்மைக் கால மதிப்பீடு. சூரியனுக்கு 22, 23 கோடி ஆண்டு ஆகிறது. ஆக, பட்டை நம்மை முந்திக்கொண்டே இருக்கிறது. அதன் இழுப்பு இங்கே வரைக்கும் எட்டுகிறது. சூரியனுக்குப் பக்கத்தில் சில விண்மீன்கள் மற்றவற்றோடு சேராமல் தனிப் போக்கில் ஓடுகின்றன, ஹெர்குலிஸ் ஓடை என்று பெயர். அதற்குக் காரணம் பட்டையின் ஒத்ததிர்வு, அதாவது பட்டையின் சுழற்சியும் விண்மீன்களின் சுற்றும் தாளம் சேர்வதால் இழுப்பு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி விழுவது, என்று 2000-இல் வானியலாளர் வால்டர் டெனன் விளக்கினார். எந்த ஒத்ததிர்வு என்பதில் வாக்குவாதம் ஓயவில்லை, ஆனால் பட்டையை விட்டுவிட்டு யாரும் பேசுவதில்லை.

பட்டை அபூர்வமும் அல்ல. அகச்சிவப்பில் பார்த்தால் அருகிலுள்ள வட்டு கேலக்ஸிகளில் மூன்றில் இரண்டுக்கு ஏதோ ஓர் அளவில் பட்டை உண்டு. 1973-இல் ஆஸ்ட்ரைக்கர், பீபிள்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விண்மீன்களுக்குப் பதிலாகச் சில நூறு புள்ளிகளை வைத்துக் கணினியில் ஒரு வட்டைச் சுழலவிட்டார்கள். அது நிலைகுலைந்து பட்டையாக நீண்டது. அதனால் கேள்வியே திரும்பிவிட்டது: பட்டை ஏன் வருகிறது என்பது போய், வராத கேலக்ஸிகளில் எது தடுக்கிறது என்றாயிற்று. வட்டை நிலைகுலையாமல் பிடித்து வைக்கக் கண்ணுக்குத் தெரியாத நிறை சுற்றி இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அது ஒரு தூண்.

காலத்தில் பின்னோக்கிப் போனால் பட்டைகள் குறையும் என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது: 700 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சுருள் கேலக்ஸிகளில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் தெளிவான பட்டை. வட்டு அடங்கி நிதானப்பட்ட பிறகே பட்டை வரும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் 2023-இல் வெப் தொலைநோக்கியின் படங்களில் சீர்ஸ்-2112 என்ற கேலக்ஸி அகப்பட்டது. பிரபஞ்சத்துக்கு வயது 210 கோடி ஆண்டு மட்டுமே ஆகியிருந்தபோது அதன் நடுவில் பட்டை இருந்திருக்கிறது.