கொக்கல வீடும் எங்கட திருகோணமலையும்

காலிப் பக்கம் டூர் போற எங்கட ஆக்கள் கோட்டையப் பாப்பாங்க, உனவட்டுனையில குளிப்பாங்க, கொக்கலயில சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கட வீட்டடியில வேன நிப்பாட்டச் சொன்னா மட்டும் "அங்க என்ன கிடக்கு?" எண்டு கேப்பாங்க. எங்கட வேன்லயும் அதே கதைதான். நான் அடம்பிடிச்சுத்தான் இறக்கினன், ஏனெண்டா அவற்ற கம்பெரலிய நாவல உவைஸ் தமிழாக்கின 'கிராமப் பிறழ்வு' வாசிச்சதில இருந்தே எனக்கு அந்த வளவப் பாக்கோணும் எண்டு ஒரு ஆசை.

மனுசன் 1890ல பிறந்த வீடு. அவர் பாவிச்ச சாமானெல்லாம் வச்சிருக்காங்க, அவற்ற நினைவிடமும் அந்த வளவுக்குள்ளயேதான். உள்ளதச் சொன்னா அதெல்லாம் பாத்து எனக்குப் பெருசா ஒண்டும் தோணேல்ல. எழுத்தாளர்ட சாமான கும்பிடுறத விட அவர் எழுதினத வாசிக்கிறது நல்லம் எண்டு நினைக்கிற ஆள் நான். என்னை நிக்க வச்சது பக்கத்தில இருக்கிற நாட்டார் மியூசியம், 1981ல திறந்தது, அவற்ற யோசனைதான் அது. வண்டில், வள்ளம், கலப்பை, முகமூடி, சட்டி பானை எண்டு அவற்ற கதையில வாற சனம் கையில பிடிச்ச சாமான் முழுக்க அங்க கிடக்கு, அதுக்குள்ள நடந்தா நாவலுக்குள்ள நடக்கிற மாதிரித்தான்.

இதில இன்னொரு விசயம் இருக்கு. ரெண்டாம் உலகப்போர் நேரம் வெள்ளைக்காரன் விமானத்தளம் போடுறதுக்காக அந்த ஊர்ச் சனத்த எழுப்பிப் போட்டான், வீடுகள் போச்சு, இந்த வீடு தப்பிட்டுது. அந்தத் தளத்தில இருந்து கிளம்பின கட்டலினா விமானம்தான் 1942 ஏப்ரல் 4ல ஜப்பான் கப்பல்கள் வாறதக் கண்டு அறிவிச்சது. அடுத்த நாள் கொழும்புக்குக் குண்டு, 9ம் திகதி எங்கட திருகோணமலைக்கு. பழைய ஆக்கள் சொல்லுற அந்த ஜப்பான்காரன் குண்டுக் கதைட மற்ற நுனி கொக்கலயில கிடக்கு, இதப் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் சொல்லித் தரேல்ல!

சரி, இப்ப எங்கட பக்கத்துக்கு வாங்க. 1895லயே மோகனாங்கி எண்டு ஒரு வரலாற்று நாவல் எழுதின தி. த. சரவணமுத்துப்பிள்ளை எங்கட ஊராள். தமிழ்ல வந்த முதல் நாவல்கள்ல ஒண்டான ஊசோன்பாலந்தை கதைய 1891ல எழுதின இன்னாசித்தம்பியும் திருகோணமலைதான். மூதூர்ல கதை எழுதின வ. அ. இராசரத்தினம். டவுன்ல நிண்டு இந்தப் பேரச் சொல்லி வீடு எங்க எண்டு கேட்டுப் பாருங்க, எத்தினை பேர் கைய நீட்டுறாங்க எண்டு. ஆனா ரொபர்ட் நொக்ஸ் எண்ட இங்கிலீஸ் மாலுமி 1660ல மூதூர்ப் பக்கம் பிடிபட்டான் எண்டு அந்த இடத்தில கல்லு நட்டிருக்கு, பிடிபட்டதுக்கே கல்லு, எழுதினவனுக்கு ஒண்டுமில்ல 😀

இதுக்காக ஒரு சிலை வச்சு மாலை போட்டு அமைச்சரக் கூப்பிடுவம் எண்டு யாரும் கிளம்பிடாதீங்க. சிலைக்கு வருசத்தில ஒரு நாள்தான் வேலை. வீடு இல்லாட்டியும் பரவாயில்ல, சாமானச் சேக்கலாம். கொட்டியாரக் குடாவில பாவிச்ச தோணி, கரைவலைக் கயிறு, சவள், வயல் சாமான், திண்ணை வச்ச பழைய வீட்டுக் கதவு எல்லாம் இப்பவும் ஆற்றையும் கோடிக்குள்ள கிடந்து உக்குது, இல்லாட்டிப் பழைய இரும்புக்காரனுக்குப் போகுது. ஒரு பழைய பள்ளிக்கூட ஹோல் கிடைச்சாக் காணும், ஒவ்வொரு சாமானுக்குப் பக்கத்திலயும் வ. அ. மாதிரி ஆக்கள்ட கதையில அது வாற பந்திய எழுதி ஒட்டினாச் சரி, பிள்ளையள் தோணியத் தொட்டுப் பாத்துப்போட்டு வ. அ.ட 'தோணி' கதைய வாசிக்கட்டும்.

எங்கட ஊர்ச் சபையில இருக்கிற ஆக்கள் யாரும் இத வாசிச்சா ஒரு ஹோல் மட்டும் தாங்க, சாமான நாங்க வீடு வீடாப் போய்க் கேட்டுக் கொண்டு வாறம்.