ஆறு மணி என்று அச்சடித்துவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பாடு போடுகிறவர்களுக்கு

விழா அழைப்பிதழில் 'மாலை 6 மணி' என்று பொன்னெழுத்தில் அச்சடிக்கிறீர்களே, அந்த ஆறு மணி யாருக்கு? உங்களுக்கு இல்லை. அலங்காரம் செய்ய வருகிறவருக்கு இல்லை. படம் எடுக்கிறவருக்கு இல்லவே இல்லை. அதை நம்பிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிற நாலைந்து குடும்பங்களுக்குத்தான் அந்த ஆறு மணி. வந்து பார்த்தால் மண்டபத்தில் மேசைவிரிப்பு விரித்துக்கொண்டிருக்கிறார்கள்!

ஜூலையிலும் ஆகஸ்டிலும் பொறுத்துக்கொண்டோம். ஜூன் கடைசியில் ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எப்போது வீட்டுக்குப் போனால் என்ன என்று இருந்துவிடலாம். செப்டம்பர் அப்படியா? முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம், அது முடிந்த கையோடு பள்ளிக்கூடம். மாதக் கடைசியில் ஏழு மணிக்கே இருட்டிவிடுகிறது. பள்ளிக்கூடம் திறந்த இரண்டு வாரத்துக்குள் வகுப்பிலிருந்து ஒரு தடிமனையும் இருமலையும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கோடை முழுக்க நேரம் தப்பித் தூங்கிய பிள்ளையை மறுபடி நேரத்துக்குப் படுக்கப் பழக்குவது எவ்வளவு பாடு என்று பெற்ற எல்லோருக்கும் தெரியும். 5 முதல் 13 வயது வரையான பிள்ளைக்கு இரவில் 9 முதல் 11 மணிநேரத் தூக்கம் வேண்டும் என்று கனடாவின் உடலியக்க வழிகாட்டி சொல்கிறது. எங்கள் வீட்டில் காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தால் அந்தப் பிள்ளை எப்போது தூங்குவது? திங்கட்கிழமை வகுப்பில் எப்படி உட்கார்ந்திருப்பது?

பனிக்காலம் வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று செப்டம்பரிலும் அக்டோபரிலும் சாமத்தியவீடும் (பெண்பிள்ளை பெரியபிள்ளையானதற்கு வைக்கிற விழா) அரங்கேற்றமும் பிறந்தநாளும் வரிசைகட்டி நிற்கின்றன. சனிக்கிழமை மண்டபம் கிடைக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்கிறார்கள். வையுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விழா என்றால் மறுநாள் திங்கட்கிழமை என்பது வைக்கிறவர்களுக்குத் தெரியாதா?

போன ஞாயிறு சொந்தத்தில் ஒரு சாமத்தியவீடு. ஆறு மணிக்குப் போனோம். ஏழரைக்குக் கேட்டால், "இன்னும் பிள்ளை வரவில்லை, பூங்காவில் படம் எடுக்கிறார்கள்" என்றார்கள். மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கிவிட்டதாம், இந்த வெளிச்சம் பிறகு கிடைக்காதாம். எட்டரைக்குப் புகை கக்கும் இயந்திரத்தைப் போட்டு ஊர்வலமாக அழைத்துவந்தார்கள். பிறகு ஆலாத்தி. பிறகு கேக். பிறகு திரையில் பிறந்த நாள் முதலான படங்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக மேடைக்கு ஏறிப் படம்.

என் மாமிக்கு நீரிழிவு. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். ஏழு மணிக்குள் சாப்பாடு வந்துவிடும் என்று பக்கத்து மேசையில் யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டுக்கொண்டார். எட்டு மணிக்கு அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை. ரோல்ஸும் பற்றிஸும் வந்த தட்டுகள் எப்போதோ காலியாகிவிட்டன. சமையலறைப் பக்கம் ஓடினேன். மேடை நிகழ்ச்சி முடியாமல் சாப்பாட்டைத் திறக்கக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் சொல்லியிருப்பதாக அங்கே நின்ற பையன் சொன்னான். கறியும் சோறும் அவனுக்குப் பின்னால் மூடி போட்டு ஆவி பறக்க இருக்கின்றன. இங்கே ஒரு மனுஷி மயங்கி விழப் போகிறார்! கடைசியில் பிள்ளைகளின் மேசையிலிருந்து ஒரு தோடம்பழச் சாற்றுப் போத்தலை வாங்கிக் குடிக்கக் கொடுத்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. என் சின்னவன் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், அந்த வெள்ளை உறையின்மேல் தூங்கிப்போயிருந்தான். சாப்பாடு திறந்தபோது மணி பத்து. தூங்குகிற பிள்ளையை உலுப்பி எழுப்பி ஊட்டினால் அது எப்படி உடம்பில் சேரும்?

இதை விழா வைக்கிறவர்களிடம் சொன்னால், "நீங்கள் ஏன் ஆறு மணிக்கு வந்தீர்கள்? எட்டு மணிக்கு வந்திருக்கலாமே" என்கிறார்கள். இதைவிட என்னைக் கொதிக்கவைக்கிற பதில் வேறு இல்லை. நேரத்துக்கு வந்தவர் குற்றவாளியா? சனம் எட்டுக்குத்தான் வரும் என்று நீங்கள் எட்டரைக்குத் தொடங்குகிறீர்கள்; நீங்கள் எட்டரைக்குத்தான் தொடங்குவீர்கள் என்று சனம் எட்டுக்கு வருகிறது. வருஷத்துக்கு வருஷம் இது பின்னால் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

'எங்கள் ஆட்களின் பழக்கம்' என்று ஒரு சமாதானம் வேறு. பொய். பல்வைத்தியரிடம் இதே ஆட்கள் பத்து நிமிஷம் முன்னதாகப் போய் உட்காருகிறார்கள். வேலைக்கு ஒரு நாள் பிந்திப் போகச் சொல்லுங்கள் பார்ப்போம். ஊரில் முகூர்த்தம் தப்பினால் பெரியவர்கள் சும்மா விட்டார்களா? இங்கேயும் காலையில் வீட்டில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்கும்போது ஐயர் சொன்ன நிமிஷம் பிசகுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை நாலரையிலிருந்து ஆறு வரை என்று பஞ்சாங்கம் பார்த்து, அது கழியட்டும் என்றுதானே ஆறு மணி என்று போடுகிறீர்கள்? ராகுவுக்குக் கொடுக்கிற மரியாதையில் கொஞ்சத்தை உங்கள் வீட்டுக்கு வருகிற மனிதர்களுக்குக் கொடுக்கக் கூடாதா?

இந்த விழாக்களை நான் வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் போகாமல் இருந்திருப்பேன், இவ்வளவு கோபமும் வந்திருக்காது. ரொறன்ரோப் பக்கம் மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் சிதறிக் கிடக்கிற சொந்தம் ஒன்றாகக் கூடுவதே இங்கேதான். ஆகஸ்டில் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவர்கள் 25 நாளும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். பெரியம்மா எழும்பி நடக்கிறாரா, கிணற்றடியில் நின்ற மாமரம் இன்னும் நிற்கிறதா, எல்லைவேலித் தகராறு தீர்ந்ததா என்று கேட்க எனக்கு ஆசை இருக்காதா? யாருடைய பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறது, யாருக்கு வேலை போய்விட்டது, யார் வீட்டில் சுகமில்லை, இதெல்லாம் முகம் பார்த்துக் கேட்க வேண்டிய செய்திகள். ஆனால் ஒலிபெருக்கியை அலறவிட்டு அதையும் கெடுத்துவிடுகிறார்கள். நாலு மணிநேரம் ஒரே மேசையில் இருந்தும் என் சித்தியிடம் தலையாட்டலைத் தவிர ஒன்றும் பேச முடியவில்லை. அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது என்பதே வாகனத் தரிப்பிடத்தில், குளிரில் நின்றபடி, புறப்படுகிற அவசரத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

படம் எடுக்க வேண்டுமா? இன்னொரு நாள் எடுங்கள். இலை ஒரே நாளில் உதிர்ந்துவிடாது. உங்களுக்கு இது வாழ்க்கையில் ஒரு முறை வருகிற விழா, உண்மைதான். அழைக்கப்பட்டவர்களுக்கோ இது போன கிழமையும் இருந்தது, வருகிற கிழமையும் இருக்கிறது. இரவு வேலைக்குப் போகிறவர் ஒன்றும் சாப்பிடாமல் காசு வைத்த உறையை மட்டும் கொடுத்துவிட்டு எழும்பிப் போவதைப் பார்க்க உங்களுக்கு நெஞ்சு உறுத்தவில்லையா?

நவம்பரில் எங்கள் மகளின் பிறந்தநாள். ஆறு மணி என்று போட்டிருக்கிறேன், ஆறரைக்குச் சாப்பாடு திறக்கும். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் முதல் தட்டு. கேக் ஏழரைக்கு, யார் வந்தாலும் வராவிட்டாலும் வெட்டப்படும். பாட்டு இருக்காது. ஒன்பது மணிக்கு மண்டபத்துச் சாவியைக் கொடுத்துவிடுவோம். எட்டு மணிக்கு வந்து "என்ன, முடிந்துவிட்டதா?" என்று கேட்கப் போகிறவர்கள் இப்போதே மனஸ்தாபப்பட்டுக்கொள்ளலாம்.