டிக்சன் பெயர் இருந்தால் மட்டும் அசல் ஆகிவிடாது

“இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர ஜேம்ஸ் டிக்சன் நிறுவனத்தின் முத்திரை இருந்தால், அது துப்பாக்கிக்கான கரிமருந்து (வெடிமருந்து) வைக்கும் 19ஆம் நூற்றாண்டுக் குடுவைதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து இதை நம்பி வாங்காதீர்கள். பழைய பெயர்களைப் பொறித்த நகல்கள் 20ஆம் நூற்றாண்டில் ஏராளமாக வந்துவிட்டன.

பெயரை விட்டுவிட்டுக் குடுவையின் உடலைப் பாருங்கள். அசலில் மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி இரு பாதிகளாக எடுத்து, ஓரத்தில் ஈயப்பற்று வைத்து இணைத்திருப்பார்கள். புடைப்புச் சித்திரத்தில் இறகும் இலையும் கூர்மையாக நிற்கும். நகலில் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். மூக்கில் (மருந்தை அளந்து கொட்டும் குழாயில்) உள்ள அளவுக் குறிகள், அடைப்பானின் வில், திருகுகள் இவற்றின் தேய்மானமும் உடலின் வயதோடு ஒத்துப்போக வேண்டும்.

பழைய குடுவையைப் பளபளவென்று தேய்க்கச் சொல்வதும் தவறு. காலம் ஏற்றிய பழுப்பு நிறம் போனால் மதிப்பும் போகும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை: உள்ளே பழைய கரிமருந்து ஒட்டியிருக்கலாம். வயதானதால் அது செத்துப்போவதில்லை. நனைந்து காய்ந்தாலும் தீப்பற்றும். நெளிவெடுக்கவோ ஈயப்பற்று வைக்கவோ சூடுகாட்டும் முன் தண்ணீர் ஊற்றிப் பலமுறை அலசிவிடுங்கள்.