பொருந்தாத தரவைத் தூக்கி எறியாதீர்கள்

சமூக அறிவியல் ஆய்வேடுகள் பலவற்றைப் படிக்கும்போது மனம் சோர்ந்துபோகிறது. கோட்பாட்டுக்கு என்று ஒரு அத்தியாயம், அதில் வெபரோ பூர்தியூவோ ஃபூக்கோவோ என்று ஒரு பெரிய சிந்தனையாளர், அப்புறம் களத்தில் கிடைத்தது எல்லாம் அவர் சொன்னதற்குச் சாட்சியாக வரிசையில் நிற்கும், முடிவில் அவர் கோட்பாடு இங்கேயும் பொருந்துகிறது என்று ஒரு வரி. சரி, பொருந்தாமல் போனது எங்கே? ஆட்களிடம் மாதக்கணக்கில் பேசியவருக்கு முரணாக ஒன்றுகூடவா கிடைக்காமல் போயிருக்கும்? எனக்கு நம்பிக்கை இல்லை. அது குறிப்பேட்டிலேயே தங்கிவிடுகிறது, புதுக் கோட்பாடு பிறக்க வேண்டிய இடமே அதுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டனில், வேலை மாறியவர்களிடம் தகவல் யார் மூலம் வந்தது என்று விசாரிக்கிறார். நண்பர் சொன்னாரா என்று கேட்டால், நண்பர் இல்லை, தெரிந்தவர்தான் என்று திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள். இன்னொருவராக இருந்தால் 'பிற' என்ற கட்டத்தில் போட்டுவிட்டு நகர்ந்திருப்பார். இவர் அங்கேயே நின்று யோசித்தார். நெருங்கியவர்கள் எல்லாரும் ஒரே வட்டத்தில் புழங்குவதால் நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும், அரைகுறைப் பழக்கம் உள்ளவர்தான் வேறொரு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார். இந்த யோசனையை அவர் கட்டுரையாக எழுதினார். 1969இல் ஒரு முன்னணி ஆய்விதழ் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை 1973இல் இன்னொரு இதழில் வந்தது, 'பலவீனமான பிணைப்புகளின் வலிமை' என்று இன்று உலகமே மேற்கோள் காட்டுகிறது.

அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரோம் செய்ததும் இதுதான். பொதுவளத்தைத் தனியாரிடமோ அரசிடமோ கொடுக்காவிட்டால் அழிந்துவிடும் என்பது 1968இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதியதற்குப் பிறகு பாடப்புத்தக உண்மையாகவே ஆகிவிட்டது. ஆனால் மேய்ச்சல் நிலத்தையும் பாசன நீரையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே விதி வகுத்துக் காப்பாற்றிய சமூகங்கள் இருந்தன. அவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்காமல், எந்த நிபந்தனைகளில் இது நடக்கிறது என்று தேடினார்.

இதைச் சொன்னால் சிலர் உடனே, அப்போ முன்னாடி எதையும் படிக்கவே வேண்டாமா என்கிறார்கள். சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டச் சொன்னதைப் பலர் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். நான் இதற்கு நேர் எதிர்க் கட்சி. ஏற்கெனவே இருக்கும் கோட்பாடு என்ன எதிர்பார்க்கச் சொல்கிறது என்று தெரியாதவருக்கு எதிர்பாராதது கண்ணில் படவே படாது, நிறையப் படித்தவர்தான் இது விசித்திரமாக இருக்கிறதே என்று நிற்க முடியும்.

ஆகவே நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் களத்திலிருந்து வந்ததும் எந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்தினாய் என்று தொடங்காதீர்கள். எது உன்னைக் குழப்பியது என்று கேளுங்கள், அந்தக் குழப்பத்துக்கு ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள், அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள்.