கார்ட்டூனில் அரசியல் இருக்கட்டும், அதில் என் அம்மா எங்கே?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எங்கள் ஊர்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். "குழந்தைப் படங்களில் அரசியலைத் திணிக்கிறார்கள், பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்!" அனுப்பியவரைக் கேட்டால், அவருக்கும் யாரோ அனுப்பியதாம். அடுத்த வாரமே அதே ஆள் மகனோடு தியேட்டரில் பாப்கார்னும் கையுமாகப் படம் பிடித்துப் போடுவார். சரி, அது அவர் பாடு.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைப் படத்தில் அரசியல் இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருக்கிற அரசியல் பாதி வழியிலேயே நின்றுபோகிறது என்பதுதான் என் குறை. காட்டை அழித்த முதலாளியைக் காட்டுகிறார்கள், அழிந்த காட்டைக் காட்டுகிறார்கள், அழும் மிருகத்தைக் காட்டுகிறார்கள். அங்கே கூலிக்கு நின்ற ஆட்களை மட்டும் காணோம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது உறுத்துகிறது.

அரசியல் ஒன்றும் நேற்று நுழைந்ததில்லை. 1942இல் டிஸ்னியின் 'பேம்பி' வந்தபோதே, எங்களைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். 1954இல் வந்த 'அனிமல் ஃபார்ம்' இன்னும் ஒரு படி மேலே. பன்றியும் குதிரையும் பேசுகிற அந்தப் படத்துக்குப் பின்னால் சிஐஏ பணம் இருந்தது பல வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய மூலப் புத்தகத்தின் முடிவைக்கூட மாற்றியிருந்தார்கள். ஆகவே "எங்கள் காலத்துக் கார்ட்டூன் சுத்தமானது" என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நம் மலேசியாவில் இது இன்னும் வேடிக்கை. 2019இல் 'அபோமினபள்' என்ற படம், ஒரு சிறுமி பனிமனிதனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கதை. அதில் சில விநாடி வந்துபோகும் வரைபடத்தில் தென்சீனக் கடலைச் சீனா சொந்தம் கொண்டாடும் கோடு இருந்தது. அந்தக் காட்சியை வெட்டச் சொன்னது நம் தணிக்கை வாரியம், படக்காரர்கள் முடியாது என்றார்கள், படம் இங்கே வரவேயில்லை. 2022இல் 'லைட்இயர்' படத்தில் இரண்டு பெண்கள் முத்தமிடுவதால் அதே கதை. வரைபடத்தையும் முத்தத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறோம். உலகமே குப்பைமேடாகி, எல்லாக் கடைக்கும் ஒரே கம்பெனிதான் முதலாளி என்று காட்டும் 'வால்-ஈ' 2008இல் வந்தபோது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோபோ அழகாக இருந்தது, விட்டுவிட்டோம்.

அந்தப் படத்தை நான் வேறு மாதிரிதான் பார்த்தேன். எங்கள் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து (எங்கள் அப்பாவுக்கு இன்னமும் இது பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான்) புக்கிட் தகார் ரொம்பத் தூரமில்லை. கோலாலம்பூர் குப்பை போய்ச் சேரும் இடம் அது. தலைநகரத்துக்காரர்கள் குளிர்சாதன அரங்கில் உட்கார்ந்து "ஐயோ, எதிர்காலம் இப்படி ஆகிவிடுமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த வருடமே, அவர்களின் குப்பை லாரிகள் எங்கள் பக்கம்தான் வந்துகொண்டிருந்தன. தோட்டப்புறத்துக்கு அந்த எதிர்காலம் முன்கூட்டியே வந்துவிட்டது.

இப்போது பாமாயில் தரும் செம்பனைக்கு வருகிறேன். மலேசியாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917இல், இதே வட்டாரத்தில், தென்னமரம் எஸ்டேட்டில். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை இந்தப் பக்கத்துத் தோட்டங்களில்தான் பிழைத்தது. முதலில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு, பிறகு செம்பனை.

2018 கடைசியில் ஒரு குட்டிக் கார்ட்டூன் உலகம் பூராவும் ஓடியது. கிரீன்பீஸ் அமைப்பு எடுத்தது. பிரிட்டனில் ஐஸ்லாந்து என்ற சூப்பர்மார்க்கெட் அதைத் தன் கிறிஸ்துமஸ் விளம்பரமாகப் போடப் பார்த்தது, அரசியல் அமைப்பின் படம் என்று டிவியில் அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி கிடைக்காததாலேயே இன்டர்நெட்டில் பறந்தது. ஒரு சிறுமியின் படுக்கையறையில் ஓராங் ஊத்தான் குட்டி. சாக்லேட்டைத் தூக்கி எறிகிறது, ஷாம்பூவைப் பார்த்து அலறுகிறது. ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டால், என் காட்டில் மனிதன் புகுந்துவிட்டான், பாமாயிலுக்காக எரிக்கிறான் என்கிறது. நல்லா எடுத்திருந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. போர்னியோவிலும் சுமத்ராவிலும் காடு போனதும் ஓராங் ஊத்தான் செத்ததும் உண்மைதான்.

என் மகள் அப்போது மூன்றாம் ஆண்டு. சித்தியின் போனில் பார்த்துவிட்டு நேராக என் அப்பாவிடம் போனாள்.

"தாத்தா, ஓராங் ஊத்தான் வீட்டை நீங்களா வெட்டுனீங்க?"

அப்பா காப்பியைக் கீழே வைத்தார். "நான் குலைதான்மா வெட்டுனேன். மரம் வைக்கச் சொன்னது தொரை."

அவள் விடவில்லை. "அப்ப காட்டை யாரு வெட்டுனா?"

"அது எங்க தாத்தா காலம். இங்க ஓராங் ஊத்தான் கிடையாது, புலிதான் இருந்துச்சாம். அவருக்குக் கத்தியைக் கொடுத்து வெட்டச் சொன்னாங்க, வெட்டுனாரு. வெட்டாட்டி அரிசி கிடையாது."

அந்தக் கார்ட்டூனில் இல்லாத ஒரு வாக்கியம் இது. நீளக் கம்பத்தின் நுனியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்தே கழுத்து போன மனிதர் என் அப்பா. சில குலை இருபது கிலோவைத் தாண்டும், கொஞ்சம் ஏமாந்தால் தலையில்தான் விழும். அவரைப் பேத்தி முன்னால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது அந்தப் படம். காட்டை முதலில் திறந்த கம்பெனிகளில் பல லண்டன் கம்பெனிகள். நூறு வருடம் கழித்து லண்டன் பிள்ளை அழுவதற்கு ஒரு கார்ட்டூனும் அங்கிருந்தே வருகிறது. நடுவில் இருக்கிற நாங்கள் இரண்டு கணக்கிலும் வரவில்லை.

நம் அரசாங்கம் இதற்குப் பதில் சொன்ன விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. 2019 ஜனவரியில் 'சயாங்கி சாவிட்கு' என்று பிரசாரம் தொடங்கினார்கள், செம்பனையை நேசி என்று. அதே வருடம் ஒரு சர்வதேசப் பள்ளியில் பிள்ளைகள் மேடையேறி, பாமாயிலால் ஓராங் ஊத்தான் சாகிறது என்று பேசிய வீடியோ பரவியதும் கல்வி அமைச்சு விசாரணை வரைக்கும் போனது. பிள்ளைகள் பேசியதற்கு விசாரணை! ஒரு பக்கம் அழு என்கிறார்கள், இன்னொரு பக்கம் நேசி என்கிறார்கள். தினக்கூலிக்குக் குலை வெட்டியவரை இரண்டு பக்கமும் கேட்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. டாக்டர் சூஸ் 1971இல் எழுதிய 'லோராக்ஸ்', மரங்களுக்காகப் பேசும் மீசைக்காரப் பிராணியின் கதை. 1989இல் கலிஃபோர்னியாவில் லேடன்வில் என்ற ஊரில் அதைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்லிப் பெரிய சண்டை. மரம் வெட்டிப் பிழைக்கிற ஊர் அது. பள்ளியில் அதைப் படித்துவிட்டு வந்த பிள்ளை, வீட்டில் அப்பாவின் தொழிலைப் பார்த்து முகம் சுளித்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. பள்ளி நிர்வாகம் புத்தகத்தை எடுக்கவில்லை. அதுவும் சரியான முடிவுதான் என்பேன். புத்தகத்தைப் பிடுங்குவதால் அப்பாவின் மானம் திரும்பிவிடாது.

2012இல் அதே கதையை ஹாலிவுட்டில் சினிமாவாக்கினார்கள். புத்தகத்தில் மரம் வெட்டுகிறவனுக்கு முகமே கிடையாது, பச்சைக் கைகள் மட்டும்தான். யாராகவும் இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம். சினிமாக்காரர்களுக்கு அது போதவில்லை. அவனுக்கு ஒரு முகம் கொடுத்தார்கள், அதோடு காற்றைப் பாட்டிலில் அடைத்து விற்கும் ஒரு குட்டை வில்லனையும் புதிதாகச் சேர்த்தார்கள். அவன் தோற்றான், விதை நட்டாச்சு, பாட்டுப் பாடியாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இதில் உச்சம் என்னவென்றால், அந்த மரம் காக்கும் பிராணியையே மாஸ்டா கார் விளம்பரத்தில் நிற்க வைத்தார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகும் "முதலாளிகளுக்கு எதிராகப் பிள்ளைகளைத் தூண்டுகிறார்கள்" என்று பயப்படுகிறவர்கள் பாவம். இந்தப் படங்களால் எந்த முதலாளிக்கும் ஒரு வெள்ளி நஷ்டமில்லை.

என் அம்மா மருந்தடித்தவர். தோட்டத்தில் அந்த வேலை பெரும்பாலும் பெண்களுக்குத்தான். முதுகில் மருந்துத் தொட்டி, ஒரு கையில் பம்பு, இன்னொரு கையில் குழாய். மரத்தடியைச் சுற்றிப் புல்லுக்கு அடித்துக்கொண்டே போகவேண்டும். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லி நீலமாக இருக்கும். தொட்டி கசிந்தால் முதுகுத் துணியில் நீலம் இறங்கும். வீட்டுக்கு வந்ததும் வெளிக் குழாயடியிலேயே அம்மா சட்டையைக் கழற்றி அலசுவார், அதுவரை எங்களைக் கிட்டே விடமாட்டார். கால் பெருவிரல் நகம் கறுத்து, மேலே தூக்கி, ஒருநாள் கழன்றே விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வருவதைச் சூடு என்று சொல்லிக்கொண்டார்கள். 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1இல்தான் முழுத்தடை வந்தது. அதற்குள் அம்மா வேலையை விட்டே பல வருடமாகியிருந்தது.

சுற்றுச்சூழல் என்றால் எனக்கு அந்த நகம்தான் ஞாபகம் வரும். பனிக்கரடி அப்புறம்தான். எத்தனையோ பச்சைப் படங்கள் வந்துவிட்டன. ஒன்றிலாவது மருந்தடிக்கும் பெண் வந்தாளா? நம் 'உப்பின் இப்பின்' கார்ட்டூன் தொடரில் ராஜுவும் முத்து அங்கிளும் இருக்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் அது கம்போங், மலாய்க் கிராமம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி யாரும் வரைவதில்லை.

நான் பார்த்த வரையில் ஒரே ஒரு படம் இந்த இடத்தைத் தொட்டது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'பிரின்சஸ் மொனோனோகே', 1997. (சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள், கையும் தலையும் பறக்கும்.) காட்டை அழிப்பவள் எபோஷி என்ற பெண். இரும்பு உருக்கும் ஊரை நடத்துகிறாள், மலையை மொட்டையடிக்கிறாள், காட்டுத் தெய்வத்தையே சுடுகிறாள். நம் வழக்கப்படி அவளை வெறுக்கத் தயாராக உட்கார்ந்திருப்போம். அப்புறம் ஊருக்குள் கூட்டிப்போகிறார்கள். உலைக்குத் துருத்தி மிதிப்பவர்கள், விபச்சார விடுதிகளிலிருந்து அவள் விலைகொடுத்து மீட்ட பெண்கள். துப்பாக்கி செய்வது, ஊர் ஒதுக்கிய தொழுநோயாளிகள். இங்கே வயிறாரச் சோறு இருக்கிறது, ஆண்கள் தொல்லை இல்லை என்று அந்தப் பெண்கள் சொல்கிறார்கள். அவ்வளவுதான், நம் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். காடும் போகக்கூடாது, இவர்கள் பிழைப்பும் போகக்கூடாது. படம் அதற்கு விடை சொல்லவில்லை. காட்டுப்பெண் காட்டுக்குப் போகிறாள், அவளை நேசித்தவன் இரும்பு ஊரில் தங்கிவிடுகிறான். என் மகளுக்கு இப்போதுதான் அதைப் போட்டுக் காட்டினேன். "அப்ப யாரு கெட்டவங்க?" என்று நடுவில் பாஸ் பண்ணிக் கேட்டாள். அந்தக் கேள்வியோடு அவள் கொஞ்ச நாள் சுற்றட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த மாதிரிக் கதைக்கு ஜப்பான்வரை போகவே தேவையில்லை. சிலாங்கூர் ஆற்றுக்கரையில் கம்போங் குவாந்தானுக்குப் போங்கள். இரவில் பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினி, எல்லாம் ஒரே தாளத்தில் மின்னும். இன்ஜின் இல்லாத சம்பானில் துடுப்புப் போட்டுக் கூட்டிப்போவார்கள். பழைய படகோட்டிகளைக் கேட்டால் முன்பு இருந்த வெளிச்சம் இப்போது இல்லை என்பார்கள். மின்மினி மின்னும் மரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதாது. மின்மினியின் புழு கரைக்குப் பின்னால் உள்ள சேற்றில் வாழ்கிறது, நத்தையைத் தின்று வளர்கிறது. கரைவரைக்கும் வெட்டிச் செம்பனை வைத்தால் அந்தச் சேறும் நத்தையும் போச்சு. இதில் ஓராங் ஊத்தான் மாதிரிக் கட்டிப்பிடிக்க அழகான மிருகம் கிடையாது. ஒரு நத்தை, ஒரு புழு, ஒரு படகோட்டி, கூலி வாங்கி மருந்தடித்த ஒரு பெண், கணக்கெழுதிய கிராணி, எங்கோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட ஒருவர். இத்தனை பேரையும் வைத்துத் தமிழில் இருபது நிமிடத்துக்கு ஒரு கார்ட்டூன் எடுத்தால் எப்படி இருக்கும்!

அனிமேஷன் படிக்கிற நம் பிள்ளைகள் சைபர்ஜெயாவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாராவது வரையத் தயார் என்றால் இன்பாக்ஸில் வாருங்கள். கதை சொல்ல இங்கே ஆள் இருக்கிறது. அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். சம்மதம்தானாம், ஆனால் தன்னை ஒல்லியாக வரையவேண்டும் என்று கண்டிஷன் போட்டிருக்கிறார்.